வால்வு மேல் பழி

ஸ்கேனர் திரும்பவும் அதே எண்ணைத்தான் காட்டியது:
எஞ்சினுக்குள் காற்றை அனுப்பும் வால்வு
திறந்தபடியே சிக்கிக்கொண்டிருக்கிறது.
எர்மோஹெனெஸ் அதற்குள்
என் பெஞ்சில் ஓர் அட்டைப்பெட்டியை வைத்துவிட்டார்.
புது வால்வு. அறுநூற்று நாற்பது பொலிவியானோ.
'மாட்டிவிடு செனோபியா,
ஒரு மணிக்கு வண்டி எடுக்கணும்.'

ஸ்கேனர் பொய் சொல்லாது.
தெருவில் அழும் குழந்தையைப் பார்த்து
குழந்தை அழுகிறது என்று சொல்லும்,
அவ்வளவுதான்.

எங்கே மூச்சு முட்டுகிறது, கேட்டேன்.
கணவாய்க்கு ஏறும்போது.
கூரையில் ஆரஞ்சு மூட்டைகள், உள்ளே பதினாலு பேர்.
கடைசி வளைவுகளில் சிமெண்ட் லாரிகூட
ஹாரன் அடித்து முந்துகிறது.
போன வாரம் ஒரு கிழவர்
நடந்தே போகிறேன் என்று இறங்கிவிட்டார்.

கீழே?
கீழே ஒன்றுமில்லை.
கொரோய்க்கோவில் மூன்று பேர் பார்த்தார்கள்.
விளக்கு தானாக அணைந்துவிட்டது, வண்டி பறந்தது.
ஒருவன் பெட்ரோல் என்றான்
ஒருவன் உயரம் என்றான்
மூன்றாமவன், உன் கால்தான் கோளாறு என்றான்.
மூவரும் காசு வாங்கிக்கொண்டார்கள்.

எல் ஆல்ட்டோவில்
மூச்சு வாங்குவதை யாரும் நோயாக எண்ணுவதில்லை.
வந்திறங்கும் வெளியூர்க்காரர்கள்
சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்,
நாங்கள் சுற்றிக்கொண்டு நடப்போம்.
அதனால் எஞ்சின் திணறினாலும்
மலையைக் கைகாட்டிவிடுவது எளிது.

ஆனால் மலை எல்லா வண்டிக்கும் மலைதானே.

அந்த வால்வுக்குக் கட்டளை கணினியிடமிருந்து வரும்,
இழுத்து மூடுவதோ எஞ்சினின் உறிஞ்சல்,
சுண்டுவிரல் தடிமனில் ஒரு ரப்பர் ஹோஸ் வழியாக.
கீழே காற்று கனம், உறிஞ்சலும் பலம்.
கொஞ்சம் ஒழுகினாலும் மிச்சம் இருக்கும்.
வசதியான வீட்டில்
பத்து பொலிவியானோ காணாமல் போனால்
யார் தேடுகிறார்கள்?
இங்கே நாலாயிரத்து நூறு மீட்டர்.
மாதக் கடைசி மாதிரி.

கைப்பம்ப்பை வால்வின் மூக்கில் செருகி
நான்கு முறை அழுத்தினேன்.
உள்ளே தண்டு திரும்பும் சின்னச் சத்தம்.
முள் ஏறி நின்றது.
நின்றது.
எர்மோஹெனெஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்,
நான் முள்ளைப் பார்த்தேன்.
இரண்டு நிமிடம் ஆகியும் அசையவில்லை.

பிறகு வால்விலிருந்து ஹோஸைக் கழற்றி
அந்த வாயை விரலால் அடைத்து
மறுமுனையிலிருந்து இழுத்தேன்.
முள் ஏறியது,
வெட்கப்பட்டவன் போல
மெல்ல மெல்ல இறங்கியது.

பாட்டரித் தட்டுக்கு அடியில்
ஒரு இரும்புப் பட்டை உரசும் இடம்.
நேராக இருக்கையில் வெறும் கறுப்பு.
வளைத்தால்தான் உதடு பிரிகிறது,
நகக்கீறல் அளவு.
ஏற்றத்தில் எஞ்சின் சாயும்போது
அது வாய் திறந்திருக்கும்.
சமதளத்தில் நல்ல பிள்ளை.

முழ நீளம் புது ஹோஸ், இரண்டு கிளிப்.
பதினெட்டு பொலிவியானோ.
கூலி நாற்பது.

அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.
பதினெட்டா, என்றார்,
யாரோ அவமானப்படுத்தியது போல.
நான்கு மாதம் ஒரு நகக்கீறலா
என் தூக்கத்தைத் தின்றது?
பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
முத்திரை கிழித்த சாமானைக்
கடைக்காரன் எடுக்க மாட்டான்.

பழைய வால்வையும் கழற்றிக்
கரியைச் சுரண்டிக் கொடுத்தேன், காசு கேட்காமல்.
பதினொன்றே முக்காலுக்குக் கிளம்பினார்.

மறுநாள் இரவு பத்து மணிக்குப் போன்.
கணவாயில் நிற்கிறாராம்.
என் வயிறு ஒரு கணம் கலங்கியது.
இல்லை இல்லை, ஒன்றுமில்லை,
ஒன்றுக்குப் போக நிறுத்தினேன்,
சிமெண்ட் லாரியை முந்திவிட்டேன், என்றார்.
பின்னால் காற்று இரைந்தது.

அப்புறம் கேட்டார்:
பெட்டியை மச்சானுக்கு விற்றுவிட்டேன்,
ஐந்நூறுக்கு.
அவன் வண்டியிலும் அதே எண் வருகிறதாம்.
சனிக்கிழமை மாட்டித் தருவாயா?

வரச் சொல்லியிருக்கிறேன்.
கைப்பம்ப்பைத் துடைத்து
பெட்டி வைக்கும் இடத்தில்
முதலிலேயே வைத்துவிட்டேன்.